கோடு கிழிக்கும் கை எவர் கை?

ஒரு நகரத்தை ஆள்பவர் யார் என்று அறிய வேண்டின், அந்நகர மன்றத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்று பார்த்தல் மட்டும் போதாது. அந்நகரத்தின் படத்தில் கோடு கிழிக்கும் எழுதுகோல் எவர் கையில் இருக்கின்றது என்று பார்த்தல் வேண்டும்.

நகரப் படத்தில் இருவகைக் கோடுகள் உள. ஒன்று நிலக்கோடு. இவ்விடம் குடியிருப்பு, இவ்விடம் வணிகம், இவ்விடம் தொழிற்சாலை, இவ்விடம் நீர்நிலை என்று மண்ணை வகுப்பது அது. மற்றொன்று வட்டக்கோடு. இத்தெரு முதல் அத்தெரு வரை வாழ்வார் கூடி ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க என்று மக்களை வகுப்பது இது. முன்னது ஒருவன் வாழும் இடத்தை முடிவு செய்கின்றது. பின்னது அவன் வாக்கின் எடையை முடிவு செய்கின்றது. இவ்விரு கோடுகளும் எம்மன்றத்தின் கண்முன் வரையப்படவில்லையோ, அம்மன்றம் குப்பை அள்ளவும் விளக்கு ஏற்றவும் அமர்த்தப்பட்ட கூலிக்குழுவே அன்றி வேறன்று.

சென்னை மாநகராட்சியின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்று. 1688ஆம் ஆண்டிலேயே தோன்றிய பழைமை அதற்குண்டு. 1913இல் திறக்கப்பட்ட வெண்ணிற ரிப்பன் மாளிகை அதற்குண்டு. தங்கச் சங்கிலியும் செங்கோலும் உண்டு. இல்லாதது ஒன்றே: தன் மண்ணின்மேல் அதற்கு உரிமையில்லை.

மன்றமில்லாக் காலத்தில் வகுத்த நகரம்

1973ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. வருகைப் பதிவேட்டு ஊழல் என்பது அன்று கூறப்பட்ட கரணியம். ஊழல் செய்தாரை ஒறுக்க வேண்டியது அரசின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் ஒறுக்கப்பட்டவர் யார்? ஊழல் செய்தார் அல்லர், வாக்களித்தாரே ஒறுக்கப்பட்டனர். ஓராண்டன்று, ஈராண்டன்று, 1996 வரை, இருபத்து மூன்று ஆண்டுகள், சென்னைக்குத் தேர்தலும் இல்லை, மன்றமும் இல்லை. தனி அலுவலர் ஒருவர் பின் ஒருவராக வந்து ஆண்டு சென்றனர். 1973இல் பிறந்த குழந்தை வாக்குரிமை எய்தி, அதன்பின்னும் சில ஆண்டு காத்திருந்தே தன் நகர உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

அவ்விடைவெளியிலேதான் நகரத்தின் நிலக்கோடுகள் வரையப்பட்டன. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் வழி, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1974இல் சட்டப்படியான அமைப்பாயிற்று. அதன் தலைமை மாநில அமைச்சர் ஒருவர்க்கு. முதல் முழுமைத் திட்டம் அதன் கையால் வந்தது. அத்திட்டம் வந்த காலத்தில் அதனை எடுத்துப் பேச, மறுக்க, திருத்தம் கூறச் சென்னைக்கு ஒரு மன்றமே இல்லை. வேளச்சேரியும் மடிப்பாக்கமும் பெருங்குடியும் வயலும் ஏரியுமாயிருந்த நிலை மாறிக் கல்லும் சுண்ணமும் ஆனது அக்காலந்தொட்டே.

1992இல் இயற்றப்பெற்று 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 74ஆம் திருத்தம், நகராட்சிகட்கு ஒப்படைக்கத் தக்க பதினெட்டுப் பணிகளைப் பன்னிரண்டாம் பட்டியலில் அடுக்கிற்று. அவற்றுள் முதலாவது நகரமைப்புத் திட்டம். இரண்டாவது நிலப்பயனையும் கட்டடங்களையும் ஒழுங்குசெய்தல். பதினெட்டில் முதலிரண்டும் இவையே! ஆனால் ஒப்படைத்தே தீரல் வேண்டும் என்று அத்திருத்தம் கூறவில்லை. மாநிலம் ஒப்படைக்கலாம் என்றே கூறிற்று. அந்த 'லாம்' என்னும் ஈற்றில் நகரமக்களின் உரிமை தொங்கிற்று. அது கீழே இறங்கவேயில்லை. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த இரண்டாம் முழுமைத் திட்டமும் மாநகராட்சி மன்றத்தின் ஆக்கமன்று. பெருநகர்க் குழுமத்தின் ஆக்கமே.

மாநில உரிமை வேண்டுமென்று தில்லியை நோக்கிக் குரல் கொடுப்பார், அவ்வுரிமையைத் தம் நகரத்துக்குத் தர மறுப்பது என்ன முறை? தில்லி சென்னைக்குச் செய்வது தவறெனின், கோட்டை ரிப்பன் மாளிகைக்குச் செய்வதும் அதே தவறே. மேலிருப்பான் பறித்தால் கொடுமை, தான் பறித்தால் ஆளுகை என்னும் இரட்டை அளவுகோலை எக்கட்சி ஏந்தினும் அஃது இழிவே.

பாதியாகக் குறைந்த வாக்கு

இனி வட்டக்கோட்டைப் பார்க்க. 'வார்டு' என்னும் அயற்சொல்லால் ஆவணங்கள் குறிக்கும் வட்டமே நகராட்சியின் அடித்தளம். 2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை விரிந்தது. 174 சதுரக் கிலோமீட்டராயிருந்தது 426 ஆயிற்று. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் முதலிய 9 நகராட்சிகளும், 8 பேரூராட்சிகளும், 25 ஊராட்சிகளுமாக 42 உள்ளாட்சிகள் நகரத்துள் விழுங்கப்பட்டன.

வட்டங்களின் தொகை 200 என்று வரையறுக்கப்பட்டது. பழைய நகரத்தின் 155 வட்டங்கள் 107 ஆகச் சுருக்கப்பட்டன. புதிதாகச் சேர்ந்த பகுதிகட்கு 93 வட்டங்கள் தரப்பட்டன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படிப் பழைய நகரத்தில் வாழ்ந்தோர் 46 இலக்கத்துக்கு மேற்பட்டோர். சேர்ந்த பகுதிகளில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 20 இலக்கம். வகுத்துப் பார்க்க. பழைய நகரத்தில் ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ 43,000 பேர். புதிய பகுதியில் ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ 22,000 பேர். அஃதாவது, இராயபுரத்து மீனவரும் தண்டையார்ப்பேட்டைச் சுமைத் தொழிலாளியும் இருவர் சேர்ந்து இட்ட வாக்கு, விரிவுப் பகுதியில் ஒருவர் இட்ட வாக்குக்கு நிகர். 2011ஆம் ஆண்டு மாநகராட்சித் தேர்தல் இக்கணக்கின்மேல்தான் நடந்தது!

புறப்பகுதிகள் விரைந்து வளர்பவை. ஆதலின் வளர்ச்சியை எண்ணி இடம் கூட்டித் தந்தோம் என்று விடை கூறலாம். வளர்ச்சியை எண்ணுதல் தவறன்று. ஆனால் இன்று வாழ்பவனின் வாக்கைப் பாதியாக்கி, நாளை வரப்போகின்றவனுக்கு அதனைக் கடன் கொடுத்தல் எந்த அறம்? வளருங்கால் வட்டங்களைக் கூட்டுவதற்கு எவர் தடை? 42 அவைகளில் அமர்ந்திருந்த உறுப்பினர்களை ஒழித்து 93 உறுப்பினராகச் சுருக்கியபொழுது புறப்பகுதி மக்களுக்கும் இழப்பே நேர்ந்தது. தம் ஊராட்சித் தலைவரைத் தெருமுனையில் நிறுத்திக் கேள்வி கேட்ட சிற்றூரார், அதன்பின் ரிப்பன் மாளிகைக்கு வண்டியேற வேண்டியவராயினர். பழைய நகரத்தார் எண்ணிக்கையில் இழந்தனர். புதிய பகுதியார் அண்மையை இழந்தனர். இருசாராரையும் ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டுக் கோடு கிழித்தவர் தப்பிக்கொண்டனர்.

அதன்பின் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. நகராட்சிக்கு ஐந்தாண்டே வாழ்நாள், அது முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்துக என்று அரசமைப்பு கட்டளையிடுகின்றது. ஆயினும் ஒதுக்கீடு, எல்லை மறுவரையறை, வழக்கு என்று கூறிக் கூறி ஆண்டுகள் கழிந்தன. 2017இல் எல்லை மறுவரையறைக்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. தேர்தல் நடந்ததோ 2022 பிப்பிரவரி 19இல். ஐந்தாண்டுக்கு மேல் மன்றமில்லை. முன்பு ஊழலைக் கூறி மன்றத்தை ஒழித்தனர். பின்பு எல்லையைக் கூறி ஒழித்தனர். கூறிய கரணியம் மாறிற்று, விளைவு ஒன்றே. எல்லை வரைதல் என்பது தேர்தலுக்கு முன்னேற்பாடாய் இருத்தல் வேண்டும். தேர்தலைத் தள்ளும் கருவியாதல் கூடாது.

கோட்டை நகர்த்தாமல் மக்களை நகர்த்துதல்

நிலக்கோடும் வட்டக்கோடும் வேறுவேறு என்று கருதுவார் உளர். அவை ஒன்றையொன்று பற்றிக் கிடப்பவை என்பதற்குக் கண்ணகி நகரைவிட வேறு சான்று வேண்டா.

ஆற்றோரங்களிலும் கடலோரங்களிலும் நகர் நடுவிலும் குடிசையிட்டு வாழ்ந்த உழைக்கும் மக்கள், ஏறத்தாழ 2000ஆம் ஆண்டு தொட்டு ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டனர். அடுத்துச் செம்மஞ்சேரி, அதற்கடுத்துப் பெரும்பாக்கம். இவற்றுக்கெல்லாம் ஓர் ஒற்றுமை உண்டு. மக்கள் குடியேற்றப்பட்டபொழுது கண்ணகி நகர் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை, செம்மஞ்சேரியும் இல்லை. 2011 விரிவாக்கத்தின் பின்னரே அவ்விரண்டும் உள்ளே வந்தன. 2015 வெள்ளத்தின்பின் அடையாற்றங்கரையினின்றும் கூவக்கரையினின்றும் பெயர்க்கப்பட்டோர் பலர் குடியேற்றப்பட்ட பெரும்பாக்கமோ, 2022ஆம் ஆண்டு மாநகராட்சித் தேர்தலின்பொழுதும் எல்லைக்கு வெளியே ஓர் ஊராட்சியாகவே கிடந்தது.

இதன் பொருள் யாது? தலைமுறை தலைமுறையாய்ச் சென்னையைக் கட்டியவன், சென்னைக்குச் சாலை போட்டவன், சென்னையின் கழிவை அள்ளியவன், ஒரே நாளில் வண்டியேற்றப்பட்டுச் சென்னையின் வாக்காளனாயிருக்கும் நிலையையும் இழந்தான். அவன் விட்டுச்சென்ற வட்டத்தில் தலைகள் குறைந்தன. கோட்டை நகர்த்தினால் வழக்கு வரும், எதிர்ப்பு வரும். ஆதலின் கோடு அங்கேயே நின்றது, மக்கள் நகர்த்தப்பட்டனர்! அவ்வெளியேற்றத்துக்கு மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்ததா? மன்றத்தின் ஒப்புதல் கேட்கப்படும் செய்தியே அதுவன்று.

பாண்டியன் அவையேறி முறை கேட்டு வென்றவள் கண்ணகி. முறை கேட்க ஓர் அவையும் இல்லாது செய்யப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு அவள் பெயரைச் சூட்டியவர், தாம் எழுதியது இன்னதென்று அறிந்து எழுதினாரா என்பது தெரியவில்லை.

புறம்போக்கு என்னும் சொல்

கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் எங்கே உள்ளன? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரங்களில், அதன் நீர் வடியும் வழிகளை ஒட்டி உள்ளன. ஊரார் அதனைக் கழுவெளி என்றனர். வடக்கிலும் மேற்கிலும் உள்ள பல ஏரிகளின் மிகைநீர் அதில் சேர்ந்து, ஒக்கியம் மடுவின் வழியே வடிந்து கடலுக்குச் செல்லும். வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் வயிறு அது. அந்த வயிற்றின்மேல் மாநகராட்சியே குப்பை கொட்டிற்று. கடலை ஆயும் நடுவணரசு நிறுவனமும் காற்றாற்றலை ஆயும் நடுவணரசு நிறுவனமும் அங்கேயே எழுந்தன. தொடர்வண்டி நிலையங்கள் எழுந்தன. துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை அதனைக் குறுக்கே அறுத்தது. கணினித் தொழில் மாளிகைகள் வரிசை கட்டின. மீந்த பகுதி 2022இல் உலகளவில் காக்கத்தக்க ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் ஏறிற்று. உடலைச் சிதைத்தபின் எஞ்சிய உறுப்புக்கு மாலையிட்டனர்.

இக்கேடு புதிதன்று. 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் அமைக்கப்பட்டது. வள்ளுவர் பெயரால் 1976இல் எழுந்த கோட்டமும் ஏரிப்படுகையிலேயே நிற்கின்றது. வானும் நீரும் பேசி அறம் தொடங்கிய புலவர்க்கு ஏரியைத் தூர்த்த இடத்தில் தேர் நிறுத்தியது தமிழர் வரலாற்றின் கசப்பான நகை.

இத்தனைக்கும் வாயிலாயிருந்தது ஒரு சொல்லின் வீழ்ச்சி. புறம்போக்கு என்பது வரிக்கணக்கின் புறத்தே விடப்பட்ட பொதுநிலம். ஏரி, குளம், வாய்க்கால், மேய்க்கால், சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் அதில் அடங்கும். எவனுக்கும் தனியுடைமையாகாமையால் எல்லார்க்கும் உரியது அது. வரி வாராத நிலத்தைப் பயனற்றதென்று எண்ணிய வெள்ளையர் கணக்கின் பார்வை தமிழர் நாவிலும் ஏறிற்று. எல்லார்க்கும் உரியது என்னும் பொருள் தேய்ந்து, எவர்க்கும் ஆகாதது என்னும் வசைப்பொருள் வந்தது. சொல் கெட்டபின் நிலம் கெடுவதற்கு நெடுநாள் ஆகவில்லை.

இன்று நிலப்பயன் மாற்றம் கேட்கும் வேண்டுகை எப்படிச் செல்கின்றது? நிலமுடையான் குழுமத்துக்கு எழுதுகின்றான். நாளிதழின் ஒரு மூலையில் புல எண்களும் ஆங்கில வகைப்பெயர்களும் நெருங்கிய ஓர் அறிவிப்பு வருகின்றது. மறுப்புரைக்கச் சில நாள் தரப்படுகின்றது. தன் வீட்டுக்குப் பின்னுள்ள குளத்துக்கு அப்புல எண் உரியது என்று தெரு மக்கள் அறிவது எங்ஙனம்? தமிழ் ஆட்சிமொழி என்று 1956இலேயே சட்டம் செய்த நாட்டில், ஒரு தெருவின் தலையெழுத்தை மாற்றும் தாள் அத்தெருவார் படித்துணரும் தமிழில் இல்லையாயின் அதனை அறிவிப்பு என்பதே பொய். மக்கள் மொழியில் இல்லாத அறிவிப்பு மறைப்பே என்க. மொழியுரிமை என்பது பாட்டுக்கும் மேடைக்கும் மட்டும் உரியதன்று. மண்ணைக் காக்கும் முதல் வேலி அதுவே.

மறுப்புகளும் விடைகளும்

'மன்ற உறுப்பினர் கையூட்டு வாங்குவர். நிலத்தை அவர் கையில் கொடுத்தால் விற்றுவிடுவர்' என்பர் சிலர். விற்கக்கூடும். ஆனால் இதுவரை விற்காமலா இருந்தது? நீர்நிலைகள் மறைந்த காலமெல்லாம் நிலக்கோடு மன்றத்தின் கையில் இல்லையே! இசைவின்றி எழுந்த கட்டடங்களைத் தண்டம் வாங்கி ஏற்கும் பிரிவை 1998இல் சட்டத்துள் நுழைத்தது மன்றமா? கதவடைத்த அறையில் நடக்கும் தவற்றைக் கண்டார் இலர், கேட்டார் இலர். திறந்த மன்றத்தில் கையுயர்த்தியவன் பெயர் பதிவேட்டில் நிற்கும்; ஐந்தாண்டில் அவன் அதே தெருவில் வாக்குக் கேட்டு வந்தாக வேண்டும். திருடன் வரக்கூடும் என்று வீட்டையே அயலானுக்கு எழுதிக் கொடுப்பார் உண்டோ?

'நகரமைப்பு வல்லுநர் பணி. கல்லாதார்க்கு அது விளங்காது' என்பர் வேறு சிலர். வல்லுநர் அறிவுரை கூறுக. முடிவு மக்கள் அவையினதாகுக. மழைநீர் எத்தெருவில் எத்துணை அடி நின்றது என்பதை அத்தெருவில் மீன் விற்கும் பெண்ணைவிட அறிந்த வல்லுநன் எவன்?

ஏரி வாரியம் கற்பிக்கும் பாடம்

919, 921ஆம் ஆண்டுகளில் முதற் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை மேடைதோறும் புகழ்வது தலைவர்கட்கு வழக்கம். அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டுக் குடவோலை வழி உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பது உண்மை. அது பார்ப்பனக் குடியிருப்பின் அவை என்பதும், நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அதில் இடம் என்பதும், பெண்டிர்க்கும் உழுகுடிக்கும் அங்கே இடமில்லை என்பதும் அதே அளவு உண்மை. ஆதலின் அதனைப் பொன்னுலகாகப் பாடுதல் வேண்டா. ஆயினும் புகழ்வோர் சொல்லாது விடும் இரண்டு செய்திகள் அங்கே உண்டு.

ஒன்று: அவ்வவையின் குழுக்களுள் ஏரி வாரியமும் ஒன்று. ஊரின் நீர்நிலை ஊரவையின் கையில் இருந்தது. அரசன் அமைச்சன் கையில் இல்லை. மற்றொன்று: முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வருதல் கூடாது, அவனுடைய நெருங்கிய உறவினரும் வருதல் கூடாது. உரிமையும் தந்தனர், கடிவாளமும் இட்டனர். இற்றை நகராட்சிக்கோ உரிமையும் இல்லை, கடிவாளமும் இல்லை.

2022இல் சென்னையின் தலைமைப் பொறுப்பு ஒடுக்கப்பட்ட குடிப்பிறந்த பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டது. மூன்று நூற்றாண்டு கடந்த வரலாற்றில் அத்தகு பெண்ணொருவர் அவ்விருக்கையில் அமர்ந்தது அதுவே முதன்முறை. மகிழத்தக்க செய்தி. ஆனால் நெடுநாள் மறுத்த இருக்கையை ஈந்தவர், அவ்விருக்கைக்கு மண்ணின்மேல் உரிமையையும் சேர்த்து ஈந்தனரா? அதிகாரம் வேறிடம் பெயர்ந்தபின் அரியணையை ஏழைக்குத் தருதல் கொடையாகுமா?

செய்ய வேண்டுவன

தமிழ் மக்கள் கேட்க வேண்டுவன தெளிவானவை. மாநகராட்சித் தேர்தல் ஐந்தாண்டு முடியுமுன் நடந்தே ஆக வேண்டும். எல்லை வரைவு முடியவில்லை என்பது அதற்குத் தடையாதல் கூடாது. வட்டங்களுக்கிடையே மக்கள்தொகை வேறுபாடு பத்தில் ஒரு பங்குக்கு மேற்படல் கூடாது. வட்டக்கோட்டை ஆளுங்கட்சியும் வரைதல் கூடாது, அக்கோட்டால் வெல்லவோ தோற்கவோ இருக்கும் உறுப்பினரும் வரைதல் கூடாது. கட்சி சாராத ஆணையம் வரைந்து, ஒவ்வொரு வட்டத்திலும் தமிழில் படம் ஒட்டி, மக்கள் மறுப்பை நேரில் கேட்டு, கொண்டதற்கும் தள்ளியதற்கும் கரணியம் எழுதுதல் வேண்டும்.

நிலக்கோடு மாமன்றத்தின் உரிமையாதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் விதிகள் வட்டக் குழுக்களையும் பகுதி அவைகளையும் அமைக்க வழி செய்தன. நிலப்பயன் மாற்றம் கேட்கும் எவ்வேண்டுகையும் முதலில் அப்பகுதி அவையின் முன் தமிழில் படிக்கப்படுக. பின்னர் மாமன்றத்தில் வெளிப்படையாகப் பேசி, பெயர் கூறி வாக்கெடுத்து முடிவு செய்யப்படுக. அந்நிலத்தில் தனக்கோ உறவினர்க்கோ பங்குடைய உறுப்பினன் அவையை விட்டு வெளியேறுக. ஏரி, குளம், சதுப்பு இவற்றின் கோட்டை மாற்ற மன்றத்துக்கும் உரிமை வேண்டா, அமைச்சர்க்கும் வேண்டா. எந்தக் குடியையும் நகர எல்லைக்கு வெளியே பெயர்த்து வாக்கைப் பறித்தல் குற்றமென்று சட்டம் செய்யப்படுக.

இவை அரியன அல்ல. ஆயினும் கேளாமல் வாரா. படத்தில் கிழிக்கப்படும் கோடு மெல்லியது, கண்ணுக்குத் தெரியாதது. அக்கோட்டின்மேல் நாளை ஒரு மதில் எழும். அதற்கப்பால் ஒரு குளம் மறையும். அதற்கும் அப்பால் ஒரு தெருவின் குரல் மறையும். மதில் எழுந்தபின் முட்டுவதினும், கோடு கிழிக்குமுன் அக்கையைப் பற்றுதல் அறிவு. தமிழர் தம் தெருவின் படத்தைக் கேட்டு வாங்குக. தம் மொழியில் கேட்டு வாங்குக. தம் மன்றத்தில் வைத்துப் பேசுக. கோடு கிழிக்கும் கை மக்கள் கையாகுக!